கூவாமல் ஏறிய மரம்

மரத்தடியில் நிற்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கள் இறக்குகிற அப்புசாமி தென்னை உச்சியில் பாளைக் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் மட்டையைப் பிடித்து, மறு கையால் கலயத்தை அவிழ்க்கிற நேரமாகப் பார்த்துத்தான், "ஏம்ப்பா அப்பு, மேக்கால மழை எறங்குதா?" என்று கேட்பார்கள். பதில் சொன்னால் கத்தி விழும். சொல்லாவிட்டால், அப்புசாமிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சித்தூர் முழுக்கப் பேசிக்கொண்டு போவார்கள்.

அவனுடைய எரிச்சல்கள் எல்லாம் இப்படிச் சின்னச் சின்னவைதான். தொடையில் ஏறிக் கடிக்கும் கட்டெறும்பு. கள்ளில் விழுந்து கிறங்கிக் கிடக்கும் தேனீ. செத்துப் போனது என்று எடுத்துப் போடும்போதுதான் கொட்டும். விடிவதற்குள் பாதிக் கலயத்தைக் காலி செய்துவிட்டு மட்டை இடுக்கிலேயே தூங்குகிற அணில். அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்த பாலக்காட்டுப் பக்கம் மதுவிலக்கு இருந்ததால், முதல் பஸ்ஸில் தாகத்தோடு வந்து இறங்கி, கடை திறக்கும்வரை பொறுக்க மாட்டாமல் மரத்தடிக்கே வந்து அண்ணாந்து நிற்கிற ஆசாமிகள். இவர்களைவிட அணில் எவ்வளவோ தேவலை என்று அவன் நினைப்பான்.

சந்தோஷங்களுக்கும் குறைவில்லை. கணவாய்க் காற்று அடிக்கும்போது உச்சியில் உட்கார்ந்திருந்தால் மரம் தொட்டில் மாதிரி ஆடும். விடியற்காலையில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் புகை கிளம்புவதைப் பார்த்தே, யார் வீட்டில் இன்றைக்கு எழுந்திருக்கத் தாமதம் என்று சொல்லிவிடலாம். கள் ஊறுவதற்காகப் பாளையை எலும்பால் டொக் டொக்கென்று தட்டும்போது, ஏதோ ஒரு மரத்திலிருந்து மரங்கொத்தி ஒன்று பதிலுக்குத் தட்டும். அதற்கு அவன் ஒரு முறை கூடுதலாகத் தட்டுவான். அதுவும் விடாது.

இந்தத் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. மரத்தில் கால் வைக்கும் முன் "கூ...ஊஊய்!" என்று நீளமாக ஒரு கூவல் போட வேண்டும். வீட்டுப் பின்புறத்தை அந்தப் பக்கத்தில் பொடக்காளி என்பார்கள். பொடக்காளிகளில் தென்னந்தடுக்கு கட்டிய மறைப்புக்குள்தான் பெண்கள் தண்ணீர் வார்த்துக்கொள்வது. நாலு பக்கமும் தடுக்கு இருக்கும், மேலே வானம்தான். கூவல் கேட்டால் குளிக்கிறவள் ஈரத்துணியோடு உள்ளே போய்விடுவாள், முடியாவிட்டால் "இருங்க, இருங்க!" என்று குரல் கொடுப்பாள். அவள் போகிறவரை மரமேறுகிறவன் கீழேயே நிற்பான். கூவாமல் ஏறுகிறவனை எந்தத் தெருவும் ஏற விடாது.

இன்னொரு முறையும் உண்டு. மேலே இருந்து பார்த்ததைக் கீழே வந்து பேசக் கூடாது. இதை யாரும் அப்புசாமிக்குச் சொல்லித் தரவில்லை. பேசினால் பிழைப்புப் போய்விடும் என்பது தானாகத் தெரிகிற விஷயம். வைத்தியர் இனிப்பே தொடக்கூடாது என்று சொல்லியிருந்த பெரியமுத்துக் கவுண்டர் வைக்கோல்போர் மறைவில் நின்று வெல்லம் தின்பது அவனுக்குத் தெரியும். ஜவுளிக்கடையில் எல்லாரையும் அதட்டுகிற குஞ்சு முகம்மது ராவுத்தர், வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பொடக்காளியைச் சுற்றிச் சுற்றி ஓடுவதும், அவர் மனைவி ஐசும்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு துரத்துவதும் தெரியும். ஒன்றையும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. தன் மனைவி சாந்தம்மாளிடம்கூட.

கல்யாணமான புதிதில் அவள் ஆசையாகக் கேட்பாள். "ஏனுங்க, மேல ஒக்காந்து அப்படி என்னத்தைத்தான் பாப்பீங்க?"

"காக்கா," என்பான் அப்புசாமி.

சில நாள் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஐம்பத்தைந்தாம் வருஷத்து மாசி மாதம், மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெரியமுத்துக் கவுண்டர் அவனுக்குப் புதிதாக ஒரு வரிசை கொடுத்தார். ராவுத்தர் வீட்டுப் பொடக்காளியை ஒட்டிய வரிசை. அதில் கடைசி மரம் நல்ல உயரம். முதல் நாள் கூவிவிட்டு உச்சிக்குப் போய், கிழக்கே திரும்பினான். வாய்க்கால். அதற்கு அப்பால் பள்ளிக்கூடத்து ஓடு. அதையும் தாண்டி ஒரு கூரை வீடு. கூரை மேல் பூசணிக் கொடி, பக்கத்தில் முருங்கை மரம்.

'யார் வீடு இது, கூரையை இப்படிப் பிய்ந்து போக விட்டிருக்கிறார்கள்?' என்று நினைத்தவனுக்கு, அது தன் வீடுதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இத்தனை வருஷத்தில் ஊரையே மேலிருந்து பார்த்தவன் தன் வீட்டை மட்டும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்துவிட்டது. இத்தனூண்டு வீடா? கூரையின் மறுபுறத்தில் கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பெரிய பூசணிக்காய் கிடந்தது. சாயங்காலம் ஏணி வைத்து அதைப் பறித்துக் கொடுத்தபோது சாந்தம்மாள் வாயைப் பிளந்தாள். எப்படித் தெரிந்தது என்று அவன் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவனுக்கு அந்தக் கடைசி மரத்தில் ஏறுவதென்றால் தனிக் குஷி. அவள் சாணி தட்டுவது, துணி காயப் போடுவது, கோழியிடம் கையை நீட்டி நீட்டி ஏதோ பேசுவது எல்லாம் பொம்மையாட்டம் பார்ப்பது போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தக் குஷி போயிற்று.

அன்று காற்று எதிர்த்து அடித்தது. கூவிவிட்டு ஏறினான். அவன் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரி ஒன்று போகும், வண்டித் தடம். அதில் ஒரு மாட்டு வண்டி நின்றிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள். இந்தப் பக்கம் சாந்தம்மாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா இல்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து. அத்தனை தூரத்திலிருந்தும் அது சிரிப்புத்தான் என்று தெரிந்தது.

ஆள் யாரென்றும் உடனே தெரிந்துவிட்டது. அந்த அகலத் தோளும், ஒரு காலைச் சாய்த்து நிற்கிற நிற்பும் வேறு யாருக்கும் இல்லை. சாந்தம்மாளின் அண்ணன் குருசாமி.

அப்புசாமிக்கும் குருசாமிக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. மகள் தாயம்மாவுக்குக் காது குத்துகிற அன்று தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். தேவிகுளத்தில் தேயிலை ஃபாக்டரியில் வேலையாக இருந்த குருசாமி நேரத்துக்கு வந்து சேரவில்லை. மலைப் பாதையில் பஸ் நின்றுபோனது யாருக்குத் தெரியும்? நல்ல நேரம் தப்பிவிடும் என்று அப்புசாமி தன் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை வைத்துக் காது குத்தி முடித்துவிட்டான். சீர்த்தட்டோடு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்ற குருசாமி, குழந்தையின் காதைப் பார்த்தான். "பொழுதுக்கும் மரத்துல தொங்கறவனுக்குத் தரையில இருக்கற மனுசன் அருமை எங்க தெரியப் போகுது? இவனுக்குப் பொண்ணைக் குடுத்தோம் பாரு!" என்றான், பந்தி நடுவில். "இனி என்ற ஊட்டு வாசப்படி மிதிக்காதே!" என்றான் அப்புசாமி. அவ்வளவுதான்.

மலைக் குளிர் நெஞ்சுக்கு ஆகவில்லை என்று குருசாமி வேலையை விட்டுவிட்டு வந்ததும், சித்தூர் அரிசி மில்லில் வண்டி ஓட்டுவதும் அப்புசாமியின் காதுக்கு வந்திருந்தது. கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டான். அவன்தான் இப்போது வாசல்படியை மிதிக்காமல், வேலிக்கு வெளியே நின்று சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை கூவிவிட்டு ஏறிப் பார்த்தபோது, வண்டி இட்டேரியின் கோடியில் போய்க்கொண்டிருந்தது. சாந்தம்மாள் ஒன்றும் நடக்காதவள் போல வாசல் கூட்டினாள். அடுத்த செவ்வாயும் அப்படியே. மூன்றாம் தடவைதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. அவனுடைய கூவல் வாய்க்காலைத் தாண்டி அவள் காதுக்குப் போகிறது. எதிர்க்காற்று அடித்த அந்த முதல் நாள் மட்டும்தான் போகவில்லை. அதைக் கேட்டதும் அண்ணனை அனுப்பிவிடுகிறாள். ஊரில் மற்ற பெண்களெல்லாம் ஈரத்துணியை இழுத்துப் போர்த்திக்கொள்வதற்குக் கேட்கிற கூவலை, தன் மனைவி சிரிப்பை நிறுத்துவதற்குக் கேட்கிறாள்.

அன்று சாப்பிடும்போது அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். குழம்பு ஊற்றினாள். மோர் ஊற்றினாள். "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?" என்றாள். இந்த வீட்டுக்குள் அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"இன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டான்.

"யாரு வரப் போறாங்க? காக்காதான்," என்றாள் சாந்தம்மாள்.

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். அவளைப் பிடித்து உலுக்கி, 'நான் பார்த்தேன்' என்று சொல்லிவிடலாம். ஆனால் மரத்தில் பார்த்ததைத் தரையில் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. வாய் திறந்தால் வேறெதையெல்லாம் கொட்டிவிடுவோமோ என்றும் பயம். கை கழுவிக்கொண்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இன்னும் குறைந்தன. அவள் காரணம் கேட்கவில்லை. தாயம்மா மட்டும் பள்ளிக்கூடத்துக் கதைகளை இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பங்குனி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, வெயில் சாயும் நேரம், அப்புசாமி அந்தக் கடைசி மரத்தடிக்கு வந்தான். கால் தளையை மாட்டினான். கூவுவதற்கு வாயைத் திறந்தான். மூச்சு தொண்டைவரை வந்தது. வாயை மூடிக்கொண்டு ஏறினான்.

உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கிழக்கே பார்த்தான். இருந்தார்கள். குருசாமி ஒரு சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு இட்டேரியில் மெதுவாக நடந்து காட்டினான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். சாந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். வேலிக்கு மேலாக ஒரு தூக்குப் பாத்திரத்தை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னான். மறுபடியும் சிரிப்பு.

அப்புசாமி கத்தியை எடுக்கவில்லை. பாளையைத் தொடவில்லை. கோபம் வரும் என்றுதான் ஏறினான். வந்தது கோபம் இல்லை. தெருவில் யார் வீட்டு விருந்தோ நடக்க, வெளியே நின்று வாசனை பிடிக்கிறவன் போல அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். சாந்தம்மாள் திடீரென்று சிரிப்பதை நிறுத்திவிட்டு, கையை நெற்றியில் வைத்து, மரங்கள் இருக்கும் பக்கம் அண்ணாந்து பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் கீழே, "மாமீ!" என்று ஓர் அலறல் கேட்டது.

ராவுத்தர் வீட்டுக்கு வந்த புது மருமகள் ஹவ்வா மறைப்புக்குள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஈரத்துணியோடு அவள் உள்ளே ஓடுவது தெரிந்தது. அப்புசாமி மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இறங்கினான் என்பதைவிட வழுக்கினான் என்று சொல்ல வேண்டும். நெஞ்சுத் தோல் வழன்று எரிந்தது.

கீழே விளக்குமாற்றோடு ஐசும்மா நின்றாள். கட்டையான, கனமான மனுஷி. குரல் அதைவிடக் கனம்.

"எறங்குய்யா, எறங்கு! இத்தன வருசமா ஏர்றே, ஒரு நாள் கூவாம ஏறினியா? இன்னைக்கு மட்டும் தொண்டையில என்ன சிக்கிச்சு? உன்ற கள்ளு நாத்தம் தொழுகைப் பாய் வரைக்கும் வந்தப்பக்கூட, போகட்டும், அப்பு யோக்கியமான ஆளுன்னு பொறுத்துக்கிட்டு இருந்தேனே!"

சத்தம் கேட்டுத் தெரு கூடிவிட்டது. கடையிலிருந்து குஞ்சு முகம்மது ராவுத்தர் வந்தார். அதட்டுகிற மனிதர் அன்று அதட்டவில்லை. அதுதான் அப்புசாமிக்குத் தாங்க முடியவில்லை.

"அப்பு, அந்தப் புள்ள இந்த ஊட்டுக்கு வந்து முதப் பெருநாள்கூட ஆகலை. அவ அத்தாவுக்கு நான் என்னப்பா பதில் சொல்றது?"

"கூவ மறந்துட்டேனுங்க," என்றான் அப்புசாமி, தரையைப் பார்த்து.

"மறக்கறதுக்கு அதென்ன பொடி டப்பியா?" என்றார் பெரியமுத்துக் கவுண்டர். அவரும் வந்துவிட்டிருந்தார். "நெசத்தைச் சொல்லுடா. நான்தான் உன்னைய இந்த வரிசையில உட்டேன். என்ற பேரும் இதுல கெடக்குது."

கதவுக்குப் பின்னாலிருந்து ஹவ்வா மாமியாரைக் கூப்பிட்டாள். ஐசும்மா காதைக் கொடுத்துக் கேட்டாள். முகம் கொஞ்சம் மாறியது. விளக்குமாறு தாழ்ந்தது.

"இவ சொல்றா, இந்த ஆளு இங்கத்தால திரும்பவே இல்லையாம். முதுகைத்தான் பாத்தாளாம். கெழக்கால பாத்துக்கிட்டுப் பிள்ளையாராட்டம் அசையாம ஒக்காந்திருந்தாராம்."

அப்புசாமிக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த வார்த்தையிலேயே அது போயிற்று.

"கெழக்கால என்ன இருக்குது?" என்று கூட்டத்தில் ஒருவன் இழுத்தான். "வாய்க்கா. பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துப் பின்னால டீச்சரம்மா தனியாக் குடியிருக்குது."

"ஓகோ," என்றான் இன்னொருவன்.

கூட்டம் முணுமுணுத்தது. பெரியமுத்துக் கவுண்டர் அப்புசாமியின் முகத்தை உற்றுப் பார்த்தார். "அப்படியாடா?"

அப்புசாமி வாயைத் திறந்தான். 'என் வீட்டைத்தான் பார்த்தேன்' என்றால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால், மனைவியை ஒளிந்திருந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒளிந்து பார்க்கும்படி அவள் என்ன செய்தாள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு இந்தத் தெரு தனக்குப் பிடித்த பதிலைத் தானே எழுதிக்கொள்ளும். மூடிக்கொண்டான். பெயர் போகிறது என்று தெரிந்தது. போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

"டீச்சரம்மாவைப் பாக்கலீங்க. என்னையத்தான் பாத்தாரு."

சாந்தம்மாள். வாய்க்காலை எப்போது தாண்டி வந்தாளோ, சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏன், ஊட்டுல பாத்தது பத்தலையாக்கும்?" கொல்லென்று சிரித்தார்கள். ராவுத்தர்கூடத் திரும்பிக்கொண்டார். சாந்தம்மாள் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"என்ற அண்ணன் குருசாமி மில்லு வண்டியில வர்றப்பெல்லாம் வேலிக்கு அக்கட்ட நின்னு பேசிட்டுப் போவானுங்க. இவருக்கும் அவனுக்கும் ஆகாது. நான் சொல்லாம வெச்சிருந்தேன். இவரு கூவறது கேட்டா அவனை அனுப்பிருவேன். இன்னைக்குக் கூவலைக் காணமேன்னு அண்ணாந்து பாத்தேன். மரத்துல இருந்தாரு. எங்களைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. தப்புப் பண்ணுனது நானுங்க. டீச்சரம்மா பேரை யாரும் எடுக்க வேண்டாம்."

இதைச் சொல்லும்போது அவள் அப்புசாமியைப் பார்க்கவே இல்லை.

ஐசும்மா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "கூடப் பொறந்தவன்கிட்டப் பேசறது தப்பா புள்ளே? அதைப் போயி இத்தனை பேரு முன்னால சொல்ல வெச்சுட்டாரே இந்த மனுசன்!" என்றாள். குரலில் சூடு இருந்தது. ஆனால் அது வேறு சூடு. பிறகு அப்புசாமியைப் பார்த்து, "போய்யா, போ. உன்ற பொண்டாட்டி மொகத்துக்காக உடறேன்," என்றாள்.

பெரியமுத்துக் கவுண்டர் மட்டும் விடவில்லை. "நீ யாரைப் பாத்தாலும் சரி. கூவாம ஏறினே. நாளையிலிருந்து இந்த வரிசைக்கு வேற ஆளு வருவான். அக்கட்டத்து மரங்களை மட்டும் நீ பாரு." அது நியாயம் என்று அப்புசாமிக்கே தெரிந்தது. தலையை ஆட்டினான்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான். தாயம்மா இருவரையும் பார்த்துவிட்டு, அன்று பள்ளிக்கூடத்துக் கதை எதுவும் சொல்லாமல் சிலேட்டை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டது.

சாந்தம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவன் நெஞ்சில் பூச மஞ்சளும் எண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்து வைத்தாள். பூசிவிடவில்லை.

"இனி அண்ணன் வரமாட்டான்," என்றாள். "தங்கச்சியைத் திருட்டுத்தனமாப் பாத்துட்டுப் போறவன்னு ஊரு சிரிச்சுதுன்னா, ரோசக்காரன், வண்டியை வேற தடத்துல உட்டுருவான்."

"நீ என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா?"

அவன் மஞ்சளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"வைவீங்கன்னு எனக்குப் பயமில்லீங்க. அடிக்கறவரும் இல்லை நீங்க. ஒரு வார்த்தை பேசாம மாசக் கணக்கா இருந்துருவீங்களே, அதுக்குத்தான் பயம். இப்பக்கூட எத்தனை நாளாப் பேசலை, சொல்லுங்க? மரத்துல ஏர்றப்ப வாயைக் கட்டிக்கிறீங்க, சரி. எறங்குனதுக்கப்பறம் அவுக்கோணுமில்ல?"

அப்புசாமி மஞ்சளைத் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டான். எரிந்தது. ஏதாவது பேச வேண்டும். என்ன பேசுவது?

"மேல இருந்து பாத்தா நீ கோழிகிட்டப் பேசறது தெரியும்," என்றான் கடைசியில். "கையை நீட்டி நீட்டிப் பேசுவே. அதுகிட்ட அப்படி என்னதான் பேசுவே?"

சாந்தம்மாள் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "உங்ககிட்டப் பேச வேண்டியதை," என்றாள்.

விறகு வெடித்தது. வெளியே தாயம்மா வாய்பாட்டைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புசாமி எழுந்து வந்து அடுப்புப் பக்கத்தில், அவளுக்கு எதிரே, சப்பணம் போட்டு உட்கார்ந்தான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் சோற்றுக்கு அல்லாமல் அவன் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு எதுக்கு அப்படிச் சிரிச்சே?"

அவள் நம்பாமல் பார்த்தாள். சண்டைக்கு அடிபோடுகிறானோ என்று நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தேவிகுளத்துல ஒரு நா பனி மூட்டமாம். எதுக்க நிக்கறது யாருன்னு தெரியாதாம். அண்ணன் லீவு கேக்கப் போயிருக்கான். தடத்துல சாக்கைப் போத்திக்கிட்டு ஒரு உருவம் நின்னுதாம். தொரைதான்னு நெனச்சு, சலாம் வெச்சு, தங்கச்சி ஊட்டுல விசேஷம், நாலு நா லீவு வேணும்னானாம். அது எருமையாம். குளுருக்கு யாரோ சாக்குப் போத்தி உட்டிருக்காங்க. தலையை ஆட்டுச்சாம். லீவு குடுத்தாச்சுன்னு இவன் மூட்டையைக் கட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டானாம்."

அவள் சொன்ன விதத்தில் சிரிக்க எதுவும் இல்லை. பாடம் ஒப்பிப்பது போல இருந்தது.

"இதுக்கா?"

"அண்ணன் சொன்னா சிரிப்பு வரும். எருமையாட்டமே தலையை ஆட்டுவான்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அது காது குத்துக்கு வந்தானே, அந்தத் தடவைங்க. அந்த லீவு."

அப்புசாமி விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டான். எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை மிச்ச மரங்களை முடித்துவிட்டு, இடுப்புக் கத்தியைக்கூடக் கழற்றாமல் அரிசி மில்லுக்குப் போனான். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். மில் வாசலில் குருசாமி வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். நெஞ்சுக் கூடு தெரிய இளைத்திருந்தான். மேலிருந்து பார்த்தபோது அது தெரியவில்லை.

குருசாமி நிமிர்ந்தான். நேற்றைய கதை அவன் காதுக்கு வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என்ன மாப்ளே, தரையில நடந்து வந்திருக்கீங்க?"

சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அப்புசாமிக்கு மறந்துபோயின. நின்றான். மில் இயந்திரம் தடதடத்தது.

"எருமை லீவு குடுத்த கதையைக் கேக்கலாம்னு வந்தேன், மச்சான்," என்றான்.

குருசாமியின் கை நின்றது. கேலியா என்று அவன் கண்ணைப் பார்த்தான். கேலி இல்லை.

"சாந்தா சொல்லலையா?"

"சொன்னா. அவ சொன்னா சிரிப்பு வரலை. அழுதுட்டா."

குருசாமி மசகுத் துணியை விரல்களில் சுற்றினான், அவிழ்த்தான். "அன்னைக்கு நானும் பேசியிருக்கக் கூடாது. இருந்தாலும் பாப்பா காதைப் பாத்ததும்..." முடிக்கவில்லை. "உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்னு எங்க ஆத்தா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன் மாப்ளே. அதை எப்படி மீர்றது?"

அப்புசாமி யோசித்தான். "பொடக்காளிப் பக்கம் வேலியைப் பிரிச்சு உடறேன். அங்கத்தால படியே இல்லை."

"ஆடு பூந்துரும்."

"பூந்தாப் பூரட்டும்."

"ஊரு பாக்குமே."

"ஊரு நேத்தே பாத்தாச்சு."

உள்ளேயிருந்து யாரோ மூட்டை ஏற்றக் கூப்பிட்டார்கள். குருசாமி திரும்பிக்கொண்டான். "வெள்ளிக்கெழம அந்தத் தடந்தான் போகோணும். பாக்கலாம்," என்றான் முகம் காட்டாமல். அது வருகிறேன் என்பதா, வரவில்லை என்பதா என்று அப்புசாமிக்கு விளங்கவில்லை. இரண்டாம் தடவை கேட்கவும் துணிவு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது சாந்தம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இடுப்பில் கத்தியோடு நேரம் கெட்ட நேரத்தில் வந்து நிற்பவனைக் கண்டு, என்ன ஆயிற்றோ என்று எழுந்தாள். அப்புசாமி வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"மில்லுக்குப் போயிட்டு வந்தேன்," என்றான். "உங்கண்ணன் ரொம்ப எளச்சுட்டான் புள்ளே. ஒக்காரு. முதல்ல இருந்து சொல்றேன்."